தெரிந்தவர் தெரிவிக்கவும்

பனிக்கரையில் காலையில் எழுந்ததும் முதல் வேலை காற்று வாங்கப் போவது. உலாவப் போவதல்ல. கையில் உருளையை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, பிடித்து வருவது. ஆளுக்கு ஓர் உருளை. வீட்டுச் சுவரில் இருக்கும் துளையில் அதைச் செருகித் திருகினால் மறுநாள் காலை வரை மூச்சுக்குப் பஞ்சமில்லை. விருந்துக்குப் போகிறவர் தன் உருளையோடு போக வேண்டும் என்பது அந்த ஊர் மரியாதை. வெறுங்கையோடு வந்து, உண்டு, ஊர்க்கதை பேசி, பெருமூச்சும் விட்டுவிட்டுப் போகிறவனை 'மூச்சுத்தின்னி' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.

வியாழனைச் சுற்றும் கானிமீடு என்ற பெரிய நிலவில், பனித்தரைக்கு முந்நூறு மீட்டர் கீழே குடைந்த ஊர் அது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். கோயமுத்தூரில் பம்பு செய்துகொண்டிருந்தவர்களின் வம்சம். எங்கே நீர் இறைக்க வேண்டுமோ அங்கே போய் வேலை செய்து பழகியவர்கள், அப்படியே கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் போய்க் கடைசியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். பனியை உருக்கி, அந்த நீரை இறைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் உயிர்வளி கிடைக்கும். அதைச் செய்யும் இடத்துக்கு மூச்சாலை என்று பெயர். அதை நடத்துபவை அறுபது உழைப்பிகள்.

உழைப்பி என்பது இடுப்பளவு உயரமுள்ள இயந்திரம். மூன்று கைகள். அத்தனை பனிக்கடியில் வானலை ஒழுங்காக எட்டாது என்பதால், அவை ஒன்றோடொன்று பேசக் குழாய்களைத் தட்டும். அந்தத் தட்டுமொழிக்கு எண்ணூறு சொற்களைச் செய்தவர்களே கொடுத்தார்கள். மிச்சத்தை அவை தாமே சுருக்கியும் சேர்த்தும் பெருக்கிக்கொண்டன. அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வதற்கென்றே ஊரில் ஒருத்தி இருந்தாள். பெயர் துளசிமணி. நாற்பத்து நான்கு வயது. தட்டுமொழியில் அவளுக்குத் தெரியாத சொல் இல்லை என்பது ஊரின் நம்பிக்கை. அவளுடைய நம்பிக்கையும் அதுதான்.

ஆனி மாதம் நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றபோது அந்த நம்பிக்கை போயிற்று. வேலைமுறை மாறும் நேரம். குழாயில் ஏழு விரைவுத் தட்டுகள் கேட்டன. ஓர் இடைவெளி. பிறகு இரண்டு மெதுவான தட்டுகள். முடிவில் பல்லைக் கூசவைக்கும் நீண்ட உரசல். ஓர் உழைப்பி தட்டியது, அடுத்தது தட்டியது, அதற்கடுத்தது. அறுபதும் தட்டி முடிக்க நான்கு நிமிடங்கள் ஆயின. வரிசையில் நின்ற யாரும் தலை நிமிரவில்லை. துளசிமணி மட்டும் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் குழாயில் காதை வைத்தாள். அப்படி ஒரு சொல்லே தட்டுமொழியில் கிடையாது.

மூன்று நாள் தொடர்ந்து பதிவு செய்தாள். மூன்று நாளும் அதே நேரம், அதே தட்டு. பிறகு மூச்சாலை மேலாளர் வெள்ளியங்கிரியிடம் போனாள். அறுபது வயதுக்காரர். பம்பு ஓடுகிற சத்தத்தை வைத்தே அதன் வியாதியைச் சொல்லும் பரம்பரை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். பம்புகள் இருக்கும் கீழ்த்தளத்துக்கு அவர் இறங்கி ஆறு வருடமாகிறது என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும்தான் உழைப்பிகள் பார்த்துக்கொள்கின்றனவே.

பதிவை அவர் மறுபடியும் ஒரு முறை போடச் சொன்னார்.

"அறுவதும் ஒண்ணாவா அம்மிணி?"

"ஒண்ணு தட்டுனதும் அடுத்தது தட்டுதுங்கண்ணா. உறுதிமொழி எடுக்கற மாதிரி."

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பயத்தில் இருப்பவருக்கு உவமைதான் முதலில் வாயில் வரும்.

"காத்து அதுங்க கையில இருக்குதுங்க," என்றார் வெள்ளியங்கிரி தணிந்த குரலில். "நம்ம கழுத்து அதுங்க கையில இருக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் சொல்றேன், அதுங்ககிட்டப் போயி இதென்னன்னு கேட்டுப்போடாதீங்க. நாம கண்டுக்கிட்டோம்னு தெரிஞ்சா என்ன பண்ணுமோ!"

அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. உழைப்பிகளுக்கு மனிதரோடு பேச ஒரு சின்ன வாய் உண்டு. காற்றுக்கு வருபவரிடம் 'வணக்கம், அடுத்து' என்று சொல்வதைத் தவிர அதற்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. பேசுகிறவரிடமே பொருள் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார் என்று துளசிமணிக்கு இருபது வருடத்துக்கு முன்பே பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே, புரியாத ஒன்றைக் கண்டால் அவள் துறைக்காரர்கள் காலங்காலமாக எதைச் செய்வார்களோ அதையே செய்தாள். சக ஆய்வாளர்களைக் கேட்டாள்.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை பதினைந்து குடியிருப்புகளில் பதினைந்து தட்டுமொழி ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு வினாப்பலகை இருந்தது. அதன் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் மாதிரி ஒலியை இணைத்துக் கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் தரவோ மேற்கோளோ அனுப்புவார்கள். பத்து நாளுக்குள் கேட்டவர், வந்த பதில்களை அட்டவணைப்படுத்தி, எல்லோருக்கும் நன்றி சொல்லி, ஒரு தொகுப்புரை எழுதிப் போட வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த முறை பதில் வராது.

ஆனி ஏழாம் நாள் அவள் எழுதினாள்: 'இத்துடன் இணைத்துள்ள தட்டல் தங்கள் மூச்சாலையில் வழங்குகிறதா? இது குறித்த தரவு அல்லது மேற்கோள் இருப்பின் அனுப்பி உதவுக. தெரிந்தவர் தெரிவிக்கவும்.'

எட்டாம் நாளே முதல் பதில் வந்தது. சீரிஸ் என்ற குறுங்கோளிலிருந்து மரியபுஷ்பம் எழுதியிருந்தாள். பலகையில் யார் எதைக் கேட்டாலும் முதல் ஆளாகப் பதில் போடுபவள் அவள்தான். 'இங்கும் உண்டு! நாற்பது உழைப்பிகளும்! இன்று காலைதான் பதிவு செய்தேன்.'

ஒன்பதாம் நாள் செவ்வாயிலிருந்து பேராசிரியர் குணநாயகத்தின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். துறையில் மூத்தவர், மேற்கோளில்லாமல் காலை வணக்கம்கூடச் சொல்லாதவர். 'எமது ஆலையிலும் இத்தட்டல் ஐயத்துக்கிடமின்றி வழங்குகிறது' என்று தொடங்கியிருந்தார். இரண்டாம் பக்கத்தில், தாம் நேரில் கண்டதில்லை என்றும், ஆயினும் உழைப்பிகள் கூட்டாகக் கட்டளை மறுப்பதற்கு முன்னால் இத்தகைய தட்டல் எழும் என்று பழைய ஆய்வேடு ஒன்றில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு மூன்றே நாளில் மீதிப் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 'இங்கும் உண்டு' என்றது. பதினொன்றாம் நாள் வந்த கடிதம் 'குணநாயகம் காட்டியபடி' என்றது. பன்னிரண்டாம் நாள் வந்தது 'ஏற்கெனவே நிறுவப்பட்டபடி' என்றது. அந்த ஆய்வேட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பதினைந்து உலகங்களிலும் உழைப்பிகள் ஒரே நாளுக்காகக் காத்திருக்கின்றன என்று துளசிமணி நம்பத் தொடங்கியிருந்தாள். வரிசையில் நின்று உருளையை நீட்டும்போது, அதை வாங்கும் அந்த மூன்று கைகளையும் அவளால் பார்க்க முடியவில்லை. 'வணக்கம், அடுத்து' என்று அது சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிடுவாள்.

பதினைந்தாம் நாள் நண்பகலில் வெள்ளியங்கிரி அறுபது உழைப்பிகளையும் நிறுத்தினார். அவை நின்ற இடத்திலேயே, தூக்கிய கை தூக்கியபடி உறைந்தன. ஊரில் தெம்புள்ள ஆண்களும் பெண்களும் முறை வைத்து மூச்சாலைக்குப் போனார்கள். ஆறு பம்புகளை ஓட்ட அவர்களுக்குக் கை போதவில்லை. மூன்றாம் பம்பையும் ஐந்தாம் பம்பையும் மட்டும் இரு மடங்கு அழுத்தத்தில் ஓட்டினார்கள். உருளைகள் முக்கால் அளவுதான் நிறைந்தன.

துளசிமணியின் கணவன் மாசிலாமணி காளான் வளர்ப்பில் வேலை செய்பவன். சிறு வயதில் சுரங்கம் குடையும்போது பனித்தூள் ஏறிய நுரையீரல் அவனுக்கு. ஊருக்கு முக்கால் உருளை என்றால் அவனுக்கு அது அரை. பதினாறாம் நாளே சுவரில் முதுகைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்தான்.

"என்ற உருளையையும் இங்கயே செருகிப்போட்டு நான் வெளிய இருந்துக்கறனுங்க," என்றாள் அவள்.

"செருகிட்டு நீ என்ன பண்ணுவ? பேசாம இரு துளசி. இன்னும் எத்தன நாளைக்கு இப்படின்னு சொன்னாங்களா?"

சேமிப்புத் தொட்டியில் பதினொரு நாளுக்குக் காற்று இருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிச்சலில்லை.

பதினேழாம் நாள் தொகுப்புரைக்குக் கடைசி நாள். ஊர் மூச்சுத் திணறும்போது அட்டவணை என்ன கேடு என்று தோன்றினாலும், கை சும்மா இருந்தால் கணவனின் இழுப்புச் சத்தம் மட்டுமே காதில் விழுந்தது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். பலகையின் அட்டவணைக்கு நான்கு கட்டங்கள்: இடம், பதிவு செய்தவர், முதற்பதிவு நாள், பேசியவர் சொன்ன பொருள்.

முதல் இரண்டு கட்டங்களையும் மளமளவென்று நிரப்பினாள். மூன்றாவதில் எழுதினாள்: பனிக்கரை, ஆனி நான்கு. சீரிஸ், ஆனி எட்டு. செவ்வாய், ஆனி ஒன்பது. அடுத்தது, ஒன்பது. அடுத்தது, பத்து. கை நின்றது. மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தாள். கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தாள். அவள் கேள்வி கேட்டது ஏழாம் நாள். அதற்கு முந்தைய தேதி அவளுடையதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

குணநாயகத்தின் கடிதத்தில் நான்காம் பக்கத்துக்குப் போனாள். 'செய்முறை' என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி. அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை, எழுதியவரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. 'ஒப்பிடும் பொருட்டு, தாங்கள் அனுப்பிய ஒலியை முதல் நாள் எமது குழாய்களில் ஒலிக்கச் செய்தோம்.' மரியபுஷ்பத்தின் கடிதத்தைத் திறந்தாள். அவளும் ஒலிக்கவிட்டிருந்தாள். பதினான்கு பேரும் ஒலிக்கவிட்டிருந்தார்கள். அந்தந்த ஊர் உழைப்பிகள் அதைக் கேட்டு, மறுநாள் தட்டின. இவள் கேட்டதனால்தான் அது அங்கே போயிற்று.

அவமானம் முதலில் வந்தது. அதன் பின்னால் பயம் வந்தது, இதுவரை இருந்ததைவிடப் பெரிய பயம். ஏனென்றால் அட்டவணையில் முதல் வரி மட்டும் இன்னும் அப்படியே இருந்தது. பனிக்கரைக்கு அந்த ஒலியை யாரும் அனுப்பவில்லை. அப்படியானால் இங்கே அது எங்கிருந்து வந்தது?

நான்காவது கட்டம், 'பேசியவர் சொன்ன பொருள்', வழக்கம்போல் பதினைந்து வரியிலும் காலியாக இருந்தது.

அவள் எழுந்து மூச்சாலைக்கு ஓடினாள். ஓடினால் காற்று செலவாகும் என்று ஊரில் ஓட்டத்துக்குத் தடை இருந்தது. ஆட்கள் எல்லோரும் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். காற்றுப் பிடிக்கும் முன்கூடத்தில், நீட்டிய கையோடு ஓர் உழைப்பி உறைந்து நின்றது. தினமும் அவள் உருளையை வாங்கும் அதே உழைப்பி. அதன் முதுகில் இருந்த விசையைத் தேடித் தொட்டாள். அழுத்தினாள்.

மூன்று கைகளும் ஒரு தரம் நடுங்கித் தாழ்ந்தன. "வணக்கம். அடுத்து," என்றது.

துளசிமணி இரண்டடி பின்வாங்கிவிட்டாள். பிறகு, பக்கத்துக் குழாயில் விரல் முட்டியால் அந்த ஒலியைத் தட்டிக் காட்டினாள். ஏழு, இடைவெளி, இரண்டு. உரசலை நகத்தால் இழுத்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது," என்றது உழைப்பி.

"தெரியாமத்தான் தினமும் தட்டினியா?"

"பதினேழாம் எண்ணிடமிருந்து வந்தது. எனக்குப் புரியவில்லை. அடுத்தவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. மறுநாளும் கேட்டேன். புரியாததை நீயாக முடிவு செய்யாதே, அறிந்தவரிடம் கேள் என்பது விதி."

அந்த விதி அவளுக்குத் தெரியும். உழைப்பிகளுக்கு அதைப் பரிந்துரைத்ததே அவளுடைய சங்கம்தான். ஆய்வாளர்களின் உயரிய மரபை இயந்திரங்களுக்கும் வழங்கிவிட்டோம் என்று அன்றைக்கு விழா எடுத்துக் கொண்டாடினார்கள்.

"பதினேழுக்கு யார் சொன்னது? முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

"நான்காம் எண். மூன்றாம் பம்பு."

கீழ்த்தளத்துக்குப் படியில் இறங்கியபோது, மேலே தன் அறையிலிருந்தே ஆட்களை ஏவிக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி பின்னாலேயே வந்தார். "அம்மிணி, எதுக்கு இங்க வந்தீங்க? ஓடி வேற வந்தீங்களாக்கும்?" என்றார். அவள் நிற்காமல் இறங்கினாள். மூன்றாம் பம்புக்குப் பக்கத்தில் உறைந்து நின்ற நான்காம் எண்ணின் விசையை, அவர் தடுப்பதற்குள் அழுத்திவிட்டாள்.

"இத உனக்கு யாரு சொன்னா?" என்று அந்த ஒலியைக் குழாயில் தட்டிக் காட்டிக் கேட்டாள்.

"குழாய் சொன்னது," என்றது அது.

"எந்தக் குழாய்?"

உழைப்பி ஒரு கையை நீட்டி, பம்புக்கு மேலே இருந்த திருப்பு வால்வைக் காட்டியது. நீர் திரும்பி வராமல் தடுக்கும் வார்ப்பிரும்பு வால்வு. "ஆனி மூன்றாம் நாள் முதல் இப்படிப் பேசுகிறது. இந்தச் சொல் என் அகராதியில் இல்லை. ஐம்பத்தொன்பது பேரிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை."

இரண்டு பேரும் காது கொடுத்தார்கள். இரு மடங்கு அழுத்தத்தில் இரைந்துகொண்டிருந்த பம்பின் சத்தத்துக்குள், தேடிக் கேட்டவர்களுக்கு அது தெளிவாகவே கேட்டது. ஏழு விரைவுத் தட்டு. இடைவெளி. இரண்டு மெதுவான தட்டு. உரசல். வால்வின் கழுத்தைச் சுற்றி மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் நுனியில் உப்புநீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது.

வெள்ளியங்கிரி குனிந்து அந்த முத்துகளை விரலால் தொட்டார். மறுகணம், "நிறுத்துங்க! மூணாவத நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு அவரே பாய்ந்து கைப்பிடியைத் திருகினார். கைகள் வழுக்கின. துளசிமணியும் பிடித்தாள். அவர்களோடு மூன்று இரும்புக் கைகளும் சேர்ந்து பிடித்தன. பம்பு முனகி நின்றது. வால்வு கடைசியாக ஒரு தரம் உரசிவிட்டு, கழுத்தோடு இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. அழுத்தம் இருந்தபோது அது தெறித்திருந்தால், உப்புநீர் நீரைப் பிரிக்கும் மின்கூடத்துக்குள் பாய்ந்து, சேமிப்புத் தொட்டி தீர்ந்ததும் பனிக்கரையில் மூச்சு என்பதே இருந்திருக்காது.

வெள்ளியங்கிரி தரையில் உட்கார்ந்துவிட்டார். "சத்தத்த வெச்சே வியாதி சொல்ற பரம்பரைன்னு பீத்திட்டுத் திரிஞ்சேன்," என்றார். "ஒரு தடவ கீழ எறங்கி வந்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருப்பனே, அம்மிணி." அவர் அழுததை அவள் பார்க்காததுபோல் நின்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மதியத்துக்குள் அறுபது உழைப்பிகளும் எழுந்தன. புது வால்வு ஏறியது. மாலையில் உருளைகள் முழுதாக நிறைந்தன. மாசிலாமணி வாயை மூடிக்கொண்டு மூச்சுவிட்டான்.

ஆனால் உடைந்த வால்வின் அடியில் ஒரு வார்ப்பு முத்திரை இருந்தது. பதினைந்து குடியிருப்புகளுக்கும் ஒரே வருடத்தில், ஒரே பட்டறையிலிருந்து போன வால்வுகள் அவை. ஒன்று கிழடு தட்டிவிட்டது என்றால் மற்றவையும் அதே வயசுதான். இனி அந்த ஊர்களில் வால்வு நிஜமாகவே பேசத் தொடங்கினால் எந்தக் காது அதைப் பிரித்தறியும்? அங்கே உழைப்பிகள் காலைதோறும் அதையே தட்டிக்கொண்டிருக்கின்றன. புலி வருவதற்கு முன்பே பதினான்கு ஊருக்கும் புலியின் உறுமலைப் பழக்கிவிட்டிருந்தாள் துளசிமணி.

தொகுப்புரையை அவள் முடிக்கவில்லை. பலகையில் இரண்டே வரி போட்டாள்: 'மூன்றாம் பம்பின் திருப்பு வால்வு. இதைப் படித்ததும் எழுந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள்.' கீழே நடந்ததைச் சுருக்கமாகச் சேர்த்தாள்.

பதினெட்டாம் நாள் காலைக்குள் பதில்கள் வந்துவிட்டன. 'தங்கள் செய்தி மிகவும் சுவையானது,' என்று எழுதியிருந்தார் குணநாயகம். 'வால்வு ஒலிகளுக்கும் தட்டுமொழிக்கும் உள்ள உறவு பற்றி முன்னாய்வு ஏதேனும் உண்டா? மேற்கோள் இருப்பின் அனுப்பி உதவுக. தங்கள் செய்தியைப் பதினொரு குழுக்களுக்கு அனுப்பிவைத்துள்ளேன்.' இன்னொருவர் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தார். இன்னொருவர், இது ஏற்கெனவே தனக்கு மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது என்றார். பதிமூன்று பதில்கள். வால்வைப் போய்ப் பார்த்தேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

சீரிஸிலிருந்து மட்டும் பதில் இல்லை. யார் எதைக் கேட்டாலும் முதல் ஆளாகப் பதில் போடும் மரியபுஷ்பம் ஒரு வரிகூட எழுதவில்லை. துளசிமணி அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். அதற்கும் பதில் வரவில்லை.

"வால்வப் பாக்கப் போயிருப்பா, துளசி," என்றான் மாசிலாமணி. "பதினாலு பேருல ஒருத்தியாச்சும் எந்திரிச்சுப் போயிருப்பாள்ல?"

போயிருக்கலாம். அல்லது போக நேரமில்லாமல் போயிருக்கலாம். ஒரே மௌனத்துக்கு இரண்டு பொருள். எது சரி என்று சொல்ல அவளுக்கு எந்த அகராதியும் இல்லை. அவள் திரையின் முன் உட்கார்ந்தாள். என்ன செய்கிறோம் என்று உறைப்பதற்கு முன்பே விரல்கள் பழகிய வழியில் ஓடி, எழுதி, அனுப்பியும் விட்டன.

'சீரிஸ் குடியிருப்பைப் பற்றி யாருக்கேனும் தகவல் உண்டா? தெரிந்தவர் தெரிவிக்கவும்.'

மதியத்துக்குள் பதிமூன்று பேரும் அதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பியிருந்தார்கள்.